புருவத்துக்கு மேல் பென்சில்

1

போர்க்காலத்தைப் பற்றி நான் எழுதிவரும் நாவலில் அவன் சோதனைச்சாவடியைத் தாண்டிப் போய்விடுகிறான். முந்நூறு பக்கம். எங்களுக்குத் திருமணம் ஆகிறது, தலை நரைக்கிறது. பொய் என்று தெரிந்தேதான் எழுதினேன். இன்று காலை அவனுடைய அக்கா தொலைபேசியில் பேசினார். நாவலை மூடிவைத்துவிட்டு இதைத் தொடங்குகிறேன்.

2

முதல் தொடக்கம்: "அந்த ஆண்டு ஊரே அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வரிசையில் நின்ற"

வேண்டாம். ஊரைக் காட்டி என்னை மறைக்கப் பார்க்கிறேன்.

ஸ்டூடியோவில் நெகட்டிவ் திருத்துவது என் வேலை. முகத்தில் கறுத்திருப்பது நெகட்டிவில் வெளுத்திருக்கும். அங்கே கூர்சீவிய பென்சிலால் நிரப்பினால் படத்தில் மறு மறைந்துவிடும். யாரையும் கேட்காமலே செய்வோம். (அட்டைப் படங்களை மட்டும் தொடக் கூடாது என்று முதலாளி சொல்லியிருந்தார். இந்த வாக்கியத்தை மூன்று முறை அடித்துவிட்டேன்.)

அவன் சைக்கிள் கடை வைத்திருந்தான். நெட்டை என்றால்தான் தெருவுக்குத் தெரியும். இடது புருவத்துக்கு மேல் கறுத்த தழும்பு. அட்டைப் படத்துக்கு வந்து உட்கார்ந்ததுமே சொன்னான்:

"இத அழிச்சிடாத. அக்கா கல்லால அடிச்சது. கடைசிவரைக்கும் சொல்லிக்காட்டணும்."

"இந்த மூஞ்சிக்கு வீம்பு ஒண்ணுதான் கொறச்சல். ஆடாம உக்காரு."

அழித்தேன். வெள்ளிக்கிழமை எங்களுக்குப் பதிவுத் திருமணம். மாப்பிள்ளை முகம் ஆயிற்றே என்று

3

சாவடியில் நான் அவனுக்கு நான்கு பேர் பின்னால் நின்றேன். சிப்பாய் அட்டையைப் பார்த்தான், முகத்தைப் பார்த்தான், மறுபடி அட்டையை.

"யாரோட அட்டை இது?"

"என்னோடதுதாங்க."

"அப்ப இது எப்படி வந்துச்சு?" சிப்பாயின் விரல் புருவத்தைத் தொட்டது.

நெட்டை திரும்பி என்னைத் தேடினான். சிரிக்கக்கூட முயன்றான். 'நான்தான் அழித்தேன்.' இரண்டே சொல். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

(இங்கே ஒரு பத்தி வேண்டும். வரவில்லை.)

மூன்றாம் நாள் உடலைக் கொடுத்தார்கள். அட்டை திரும்பி வரவில்லை.

4

இன்று காலை அக்கா சொன்னது:

"அவன் நெகட்டிவ் இன்னும் இருக்குன்னியே, குடும்மா. இன்னிக்கே வந்து வாங்கிக்கறேன். பேத்தி பெருசு பண்ணித் தரேங்கறா. நான் போறதுக்குள்ள அவன் மூஞ்சிய ஒரு தடவ பாக்கணும்."

"அப்படியெல்லாம் பேசாதீங்கக்கா."

"தழும்பப் பாத்துத்தான புடிச்சாங்க? நான் எறிஞ்ச கல்லுதான் அவனக் கொன்னுச்சு. உன்ன விட்டா இதச் சொல்ல எனக்கு யாரு இருக்கா?"

நாற்பது வருடமாக என் குற்றத்தை அவர் சுமக்கிறார். எனக்கும் அவரை விட்டால் யாரும் இல்லை.

5

முடிவு ஒன்று: பஞ்சில் டர்பன்டைன் தொட்டு நெகட்டிவைத் துடைக்கிறேன். பென்சில் கரைகிறது. அக்கா தேடும் முகம், தழும்போடு, வந்துவிடும். நான் செய்தது பஞ்சோடு போய்விடும். கல் மட்டும் அவரிடம் இருக்கும்.

முடிவு இரண்டு: துடைக்காமல் கொடுக்கிறேன். பெரிதாக்கிய படத்தைப் பார்த்து, "தழும்பு எங்கடி?" என்று அவர் கேட்பார்.

வாசலில் ஆட்டோ நிற்கிறது. பேத்தி அக்காவைக் கைத்தாங்கலாக இறக்கும் சத்தம். பஞ்சு நனைந்துதான் இருக்கிறது. எப்போது நனைத்தேன் என்று நினைவில்லை. உங்களுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது, அவருக்குத்தான் தெரியாது. வரிசையில் எனக்குப் பின்னால் நிற்கிறீர்கள். நான் மறுபடி குனிந்தால், நீங்களாவது வாயைத் திறங்கள்.