இனித் துணை வேண்டாம்

எப்போது சொல்வது, பஸ்ஸை விட்டு இறங்கியதுமேயா, வீட்டுக்குப் போய்ச் சோறு போட்டுவிட்டா, இல்லை நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாமா... நாளைக்கு என்றால் இன்று சோளக்காட்டு நிறுத்தத்தில் அவர் கையை நீட்டிக்கொண்டு நிற்பாரே, அதை என்ன செய்வது, என்று மலையடிவாரத்துக் காரவள்ளி செக்போஸ்ட்டைத் தாண்டுவதற்குள்ளேயே அம்சவேணி மூன்று தடவை யோசித்துவிட்டாள். மடியில் இருந்த மஞ்சப்பைக்குள் சீட்டு இருந்தது. பயிற்சி சொல்லித்தரும் பெண் இளமதி, நாமக்கல் ஆஸ்பத்திரியில், தமிழிலேயே எழுதிக் கொடுத்தது. 'இனித் துணை தேவையில்லை. நடக்கும்போது யாரும் கையைப் பிடிக்கக் கூடாது.' அடியில் இரண்டு கோடு வேறு. பிடித்தால் மூளை சோம்பேறியாகிவிடுமாம். இதைக் கேட்டதும் அம்சவேணிக்கு அங்கேயே சிரிப்பு வந்தது, இரண்டு வருஷமாகத் தன்னைச் சோம்பேறி என்று சொல்லாத ஆள் ஊரில் இல்லை, மூளையைச் சொல்வது இதுதான் முதல் தடவை. சந்தோஷமான சங்கதிதான், இல்லையென்று யார் சொன்னது, கண்ணைக் கட்டிக்கொண்டு மெத்தைமேல் அரை நிமிஷம் ஆடாமல் நின்று காட்டிவிட்டு வந்திருக்கிறாள், பஸ் ஸ்டாண்டில் தனியாக நின்று ஒரு டீயும் இரண்டு போண்டாவும் சாப்பிட்டுக் கொண்டாடியும் ஆயிற்று. அப்புறம் ஏன் ஒரு காகிதம் மடியில் இப்படிக் கனக்கிறது?

முதல் வளைவு வந்தது, பஸ் உறுமிக்கொண்டு திரும்பியது. கண்ணைத் திறந்தே வைத்திருந்தாள். முன்பெல்லாம் அடிவாரத்தில் ஏறி உட்கார்ந்தால் எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்து, தலையை முன்சீட்டுக் கம்பியில் சாய்த்து, கண்ணை இறுக்கி மூடிக்கொண்டால் எழுபது வளைவும் முடிந்த பிறகுதான் திறப்பாள். மலைமேல் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்த வைத்தியம் அது. அதுதான் தப்பு என்று இளமதி சொன்னபோது நம்ப முடியவில்லை. இடது காதுக்குள் நிதானம் காக்கிற நரம்பு படுத்துவிட்டதாம், அது எழுந்திருக்காது, ஆனால் கண்ணும் காலும் சேர்ந்து மூளைக்குப் புதிதாகப் பாடம் சொல்லிக்கொடுக்கும், நீங்கள் கண்ணை மூடி மூடிப் பள்ளிக்கூடத்துக்கே லீவு விட்டுவிட்டீர்கள் அம்மா என்றாள். எல்லாம் ஒரு மாசி மாதக் காலையில் ஆரம்பித்தது, மரவள்ளிக்கிழங்கு பிடுங்கப் போகலாம் என்று எழுந்தவளுக்கு வீட்டு ஓடெல்லாம் சுற்றியது, மூன்று நாள் வாந்தி, அது நின்றும் கிறுகிறுப்பு நிற்கவில்லை, தரை தரையாகவே இல்லை, கட்டிலில் இருந்து அடுப்படிக்குப் போவதற்குள் சுவர் முழுக்கக் கைரேகை. பித்தம் என்றார்கள், ரத்தம் கம்மி என்றார்கள், ஒருத்தர் கண்ணாடி மாட்டிவிட்டார், இன்னொருத்தர் கயிறு கட்டிவிட்டார். கீழே போய்க் காட்டினால் எந்த டாக்டரும் முதலில் கேட்பது எந்த ஊர் என்றுதான், கொல்லிமலைங்க என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள், எழுபது வளைவு எறங்கி வந்தா சுத்தத்தானேம்மா செய்யும் என்று வாந்தி மாத்திரை எழுதிவிடுவார்கள். பஸ் ஏறுவதற்கு முன்னாலேயே சுத்துதுங்க என்று சொல்ல வருவாள், அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்திருப்பார். காதில் தண்ணீர் விட்டுப் பார்த்து, கோளாறு பஸ்ஸில் இல்லை காதில்தான் என்று ஒரு டாக்டர் சொல்வதற்கு ஒன்றரை வருஷம் ஆயிற்று.

பதினொன்றாவது வளைவா, பன்னிரண்டா, ரோட்டோர நம்பர் போர்டைப் பார்க்கத் தவறிவிட்டாள். அவர் இந்நேரம் வாழைத்தார் வெட்டி முடித்திருப்பார். இன்றைக்கு வியாபாரி லாரி வருகிற நாள், அதனால்தான் அவளைத் தனியாக அனுப்பினார், அதுவும் காலையில் பஸ்ஸின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கண்டக்டர் பூபதியிடம் நாலு தடவை சொல்லிவிட்டு. செங்கோடனா இது என்று ஊரே வாய் பிளந்தது. கல்யாணமான இருபத்தி நாலு வருஷத்தில் அவளோடு சேர்ந்து நடந்த மனுஷனா அவர், சந்தைக்குப் போனாலும் சாவுக்குப் போனாலும் பத்தடி முன்னால், திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார், பின்னால் பெண்டாட்டி வருகிறாளா ஆட்டுக்குட்டி வருகிறதா என்று தெரியாது. தலை சுற்ற ஆரம்பித்த பிறகு அந்தக் கை வந்தது. முதலில் தோளைப் பிடித்தார், பிறகு முழங்கையை, பிறகு உள்ளங்கையை. மிளகு வாசனை போகாத, காய்த்துப்போன கை. தண்ணீர்க் குழாயடியில் பாவாயி, புது மாப்பிள்ளையும் பொண்ணும் வாராங்க, வழி உடுங்க என்பாள், அவர் காது சிவக்கும், ஆனாலும் விட மாட்டார். அம்சவேணிக்கு அது பிடித்திருந்தது. இதில் ஒளிக்க என்ன இருக்கிறது, ரொம்பவே பிடித்திருந்தது. ஆனால் சோளக்காட்டு ரோட்டோரம் அன்னாசியை அடுக்கி வைத்துவிட்டு, காரில் வருகிறவர்களிடம் வாய் கொடுத்து, இதைச் சாப்பிட்டுப் பார்த்துட்டு அப்பறம் பேசுங்க என்று ஒரு துண்டு நீட்டி, தன் இஷ்டத்துக்கு உட்கார்ந்து தன் இஷ்டத்துக்கு எழுந்து வருவாளே, அதுவும் பிடிக்கும். அதற்காகத்தானே மூன்று மாதமாகத் தலையை ஆட்டிக்கொண்டிருக்கிறாள். இரண்டும் வேண்டும் என்றால் எப்படி?

தலையை ஆட்டுவது என்றதும் ஞாபகம் வந்தது, சாயங்காலப் பயிற்சி இன்னும் பாக்கி. ஓடுகிற பஸ்ஸிலும் இனிச் செய்யலாம் என்று இளமதி சொல்லியிருக்கிறாள். டிரைவர் தலைக்கு மேலே பூமாலைக்குள் அம்மன் படம் இருந்தது, அதன் மூக்குத்தியைக் குறி வைத்துக்கொண்டாள். கண் அசையக் கூடாது, தலை மட்டும் இடமும் வலமும், மொத்தம் நாற்பது, நடுவில் விட்டால் முதலிலிருந்து. ஒன்று, இரண்டு... மூக்குத்தி கொஞ்சம் நடுங்கியது, பரவாயில்லை, எட்டு, ஒன்பது... பக்கத்தில் கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் மெல்ல நகர்ந்து உட்கார்ந்தாள். பதினாலு... யாரோ செருப்பைக் கழற்றினார்கள். டிரைவர் பாட்டை நிறுத்தினார். அப்போதுதான் அம்சவேணிக்கு உறைத்தது, அட கடவுளே, அம்மன் படத்தை வெறித்துக்கொண்டு ஒரு பொம்பளை தலையை ஆட்டினால், வாய்க்குள் முணுமுணுத்தால், இந்த மலையில் அதற்கு என்ன அர்த்தம்? நிறுத்திவிடலாமா... இருபது ஆகிவிட்டதே, மறுபடி முதலிலிருந்தா?

"வந்திருக்கறது யாருங்க சாமி, பெரியண்ணனுங்களா, எட்டுக்கை ஆத்தாளுங்களா?" கூடைக்காரப் பெண் கைகூப்பிக்கொண்டு கேட்டாள். அம்சவேணி எண்ணிக்கொண்டே இருந்தாள், இருபத்தி நாலு. "இதே மலைல ஆலத்தூர் நாடுங்க நாங்க. எம்பையன் தமிழ்செல்வனுக்கு எப்பத்தானுங்க பொண்ணு அமையும்?" வளைவில் பஸ் ஒரு குலுக்கு குலுக்கியது, எண்ணிக்கை தவறிவிடும் என்ற பயத்தில் அம்சவேணி உரக்கவே எண்ணிவிட்டாள், "இருவத்தொம்பது." அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது. "இப்ப இருவத்தெட்டு நடக்குதுங்க சாமி. அடுத்த வருசமுங்களா?" பூபதி டிக்கெட் மெஷினைப் பிடித்தபடி அப்படியே நின்றான், அவனுக்கும் கேட்க ஏதோ இருந்தது போல. நாற்பது வந்ததும் அம்சவேணி தலையை நிறுத்தி, புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு, "சாமியெல்லாம் இல்லீங்க, காதுல நரம்பு கோளாறு, டாக்டர் குடுத்த பயிற்சி" என்றாள். "ஆமாங்க, ஆத்தா காதுலதான் வந்து சொல்லும்" என்று அந்தப் பெண் கூடையிலிருந்து நாலு கொய்யாவை எடுத்து மஞ்சப்பைக்குள் போட்டாள். எவ்வளவு எடுத்துச் சொல்லியும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு சிரிப்பை அடக்குவதே பெரும்பாடாகப் போயிற்று, முன்சீட்டுப் பக்கம் குனிந்து சிரித்தாள், திரும்பிப் பின்னால் பார்த்துச் சிரித்தாள், நரம்பைப் பற்றி அந்தப் பெண்ணுக்குக் கையால் படம் போட்டுக் காட்டினாள், தமிழ்செல்வன் என்ன படித்திருக்கிறான் என்று விசாரித்தாள்.

வெளியே பார்த்தால் போர்டில் ஐம்பத்தாறு. அப்படியானால் பதினைந்து வளைவுக்கு மேல் அவள் திரும்பித் திரும்பிப் பேசிக்கொண்டே வந்திருக்கிறாள், ஒரு கிறுகிறுப்பும் இல்லை... சரியாகிவிட்டது, நிஜமாகவே சரியாகிவிட்டது அம்சவேணிக்கு. நெஞ்சு நிறைந்துபோய், ஜன்னல் வழியாக வந்த குளிர்காற்றில் முகத்தை நீட்டினாள். ஆனால் இது இன்றைக்குத்தான் ஆயிற்றா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்லு பார்க்கலாம். போன மாதம் மழை பெய்து ஓய்ந்த மறுநாள், வீட்டுக்குக் கீழே இருக்கிற சறுக்கலில், கால் உறுதியாகத்தானே இருந்தது, அவர் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார் என்பதற்காக ஒரு ஆட்டம் ஆடிக் காட்டவில்லை? அவர் பதறிப்போய் இறுக்கிப் பிடித்தார், வீடு வரைக்கும் விடவில்லை. நாற்பத்தைந்து வயசில் இப்படி ஒரு கள்ளத்தனம். வெட்கமாக இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. இல்லை, இறங்கியதுமே சொல்லிவிட வேண்டியதுதான், தள்ளிப்போட்டால் மறுபடியும் ஆடிக் காட்டத் தோன்றும்.

சோளக்காட்டில் பஸ் நின்றபோது அவர் படிக்குக் கீழேயே நின்றிருந்தார், சட்டையில் வாழைக்கறை, கை வழக்கம்போல நீண்டிருந்தது. அம்சவேணி கம்பியைக்கூடப் பிடிக்காமல் இறங்கி நின்றாள். "இனிமே கையப் புடிக்கக் கூடாதாமுங்க. சீட்டுலயே எழுதிக் குடுத்துட்டாங்க." செங்கோடன் அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "நல்லதாப் போச்சு புள்ள" என்றார். சந்தோஷமாகத்தான் சொன்னார். பிறகு திரும்பி முன்னால் நடந்தார், இரண்டடி, நாலடி, ஆறடி, பத்து வந்துவிடும் என்று அவள் எண்ணிக்கொண்டே பின்னால் போனாள், எட்டாவது அடியில் அவர் கரண்டுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார்.

"ஏனுங்க, என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல புள்ள. கொஞ்சம் கிறுகிறுன்னு வருது."

"படுத்துப் பொரண்டா வருதுங்களா, நிமிந்து பாத்தா வருதுங்களா?"

"நடந்தா வருது." கொஞ்சம் யோசித்துவிட்டு, "தனியா நடந்தாத்தான்" என்றார்.

முகத்தில் சிரிப்பு இல்லை. அவள் கிட்டே போய் அவர் கண்ணைப் பார்த்தாள். நிஜமாகத் தலை சுற்றினால் கருமணி துள்ளும், காதில் தண்ணீர் விட்டுப் பார்த்த டாக்டர் முதல் நாளே அவரையும் பக்கத்தில் நிறுத்தி, அவள் கண்ணைக் காட்டிச் சொல்லிக்கொடுத்த பாடம். இவருடைய கருமணி துள்ளவில்லை, ஆடாமல் அசையாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள், தன் கையை யாரும் பிடிக்கக் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது. பழக்கடைகளைத் தாண்டி மெதுவாக நடந்தார்கள். கொஞ்ச தூரம் போன பிறகுதான் தோன்றியது... அன்றைக்கு அந்தச் சறுக்கலில், இறுக்கிப் பிடிப்பதற்கு முன்னால், இவரும் ஒரு நொடி அவள் கண்ணைத்தானே உற்றுப் பார்த்தார்?