பன்னிரண்டாவது ஊர்

…ஆற்றங்கரை ஊர்களுக்கெல்லாம் போன் செய்தேன் என்று மொத்தமாகச் சொல்லிவிட்டு இறங்கிவிட்டால் என்ன, யார் விரல் விட்டு எண்ணப்போகிறார்கள், எல்லாம் என்று சொன்னால் எல்லாம்தான், பதினொன்றா பன்னிரண்டா என்று இந்தக் குளிரில் எவன் கேட்கப்போகிறான்… தணிகாசலம் மடியிலிருந்த, பேச்சு எழுதிய தாளை இன்னொரு முறை மடித்தார், நாலாய் இருந்தது எட்டாயிற்று. வெளியே திருப்பதி வெயில் மண்டையைப் பிளக்கிறது, இந்த ஓட்டல் மண்டபத்துக்குள் பல் கிட்டுகிறது. மேடையில் கோட்டு போட்ட ஒருவர் புகையைக் குறைக்க வேண்டும், நெட் ஜீரோ வேண்டும், இன்னும் இத்தனை வருஷத்தில் வேண்டும் என்று அரைமணி நேரமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார், முதலில் இந்த ஏசியைக் குறைக்கச் சொல்லய்யா, அதிலேயே கொஞ்சம் ஜீரோ வரும். காதில் மாட்டிவிட்ட கருவியில் ஒரு பெண் குரல் அத்தனையையும் தமிழில் சொல்கிறது. நேபாளத்துக்காரர், பங்களாதேஷ்காரர், இலங்கைக்காரர், பூட்டான்காரர், நாலு தேசத்து ஆட்கள் முன்வரிசையில், பக்கத்துத் தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இன்ஜினியர்கள், மேகத்துக்கும் வெள்ளத்துக்கும் எல்லைக்கோடு கிடையாது, வானிலைச் செய்தியை ஒருவருக்கொருவர் மறைக்காமல் உடனே சொல்லிக்கொள்ள வேண்டும் என்று பேச வந்திருக்கிறார்கள். இவர்கள் நடுவே ஆந்திர எல்லையோரக் கொண்டவாக்கம் அணையில் ஷட்டர் திறந்து மூடுகிற லஸ்கர், தணிகாசலம் என்கிற ஒருவன், ஐம்பத்தாறு வயசில், இரவல் பேண்டில்! கோட்டுக்காரர் முடித்ததும் அவன் முறை. அவனுக்குச் சால்வை போட்டுப் பேசச் சொல்லப்போகிறார்கள், ஐந்து நிமிஷம்.

எதற்குச் சால்வை? போன கார்த்திகை… மூன்று நாளாய்ச் சூரியன் எட்டிப்பார்க்கவில்லை, டீசல் இன்ஜினை எடுத்துவிட்டுச் சோலார் மோட்டார் வைத்துக்கொடுத்துப் புகையில்லாத அணை என்று போர்டும் எழுதியிருந்தார்கள், பேட்டரி மூன்றாம் நாள் கண்ணை மூடிவிட்டது, கைப்பிடி போட்டு ஷட்டரைச் சுற்ற வேண்டிய நிலை. மலையில் பேய்மழை, மத்தியானம் உதவி இன்ஜினியர், ஏஇ, வந்து நாலு மணிக்குத் திறந்தாக வேண்டும் என்றார். ஏஇ சொன்னால் ஆபீசுக்குப் போகும், ஆபீஸ் கலெக்டருக்கு, கலெக்டர் அந்த மாநிலத்துக் கலெக்டருக்கு, அங்கிருந்து தாலுகா, அங்கிருந்து தலையாரி, அதற்குள் தண்ணீர் கடலையே பார்த்துவிடும். தணிகாசலம் யாரையும் கேட்கவில்லை. ஷட்டர் மேடைமேல் தார்ப்பாய்க்கடியில் குந்திக்கொண்டு போனை எடுத்தார். அக்கா ஊர், பெண்டாட்டி ஊர், மகள் தரணியைக் கொடுத்த ஊர், சகலை ஊர், சம்பந்தியின் தம்பி ஊர்… மச்சான், மாட்டை அவுத்து மேட்டுக்கு ஓட்டு, இப்பவே, சாப்ட்டுக்கினு இருந்தா கைய ஒதறிக்கினு எழுந்திரு! இருபது நிமிஷத்தில் பதினொரு ஊர், ஆந்திராவில் நாலு, தமிழ்நாட்டில் ஏழு. நடுநடுவே ஒரு கால் வந்து வந்து குறுக்கே விழுந்தது, கடைசியில் நாலு ஏழு நாலு என்று முடியும் நம்பர், பேர் போட்டு வைத்ததில்லை, அந்த முடிவைப் பார்த்தாலே ஆள் தெரியும், அணைக்குக் கூலிக்கு வருகிற முனிசாமி. கைப்பிடி சுற்ற ஆள் வேண்டுமே, வரட்டுமா சார் என்பான், ஒருநாள் கூலிக்கு இந்த நேரம்தானா பார்த்தான்… கட் செய்தார். மறுபடி வந்தது, மறுபடி கட். அவ்வளவுதான். பதினொரு ஊரிலும் ஓர் உயிர்ச்சேதம் இல்லை, பேப்பரில் போட்டோ வந்தது, இதோ இன்று திரையில் ‘தணிகாசலம் முறை’ என்று பேர் வைத்துப் படம் போட்டுக் காட்டுகிறார்கள். பெற்றவர்கள் வைத்த பேரை ஒரு முறைக்கு வைப்பார்கள் என்று எவன் கண்டான்.

அந்தப் படம்தான் சங்கடமாயிருக்கிறது. அணையிலிருந்து பச்சைப் பச்சையாய்ப் பதினொரு கோடு கிளம்பி ஆற்றோரமாய் ஓடி ஒவ்வொரு ஊரில் முடிகிறது, மாநில எல்லையை அனாயாசமாய்த் தாண்டுகிறது, வெளிநாட்டுக்காரர்கள் அதைப் பார்த்துத்தான் காலையில் கைதட்டினார்கள். மக்களே உண்டாக்கிய வலைப்பின்னல் என்றார்கள். வலையாவது பின்னலாவது, அது அவர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வைத்த வரிசை, அவருக்கல்லவா தெரியும்! பெண் கொடுத்த ஊருக்கு ஒரு கோடு, பெண் எடுத்த ஊருக்கு ஒரு கோடு. அணைக்கு ஆறே கிலோமீட்டரில், ஆறு வளைகிற பள்ளத்தில், எல்லோருக்கும் முன்னால் தண்ணீர் ஏறுகிற தாழங்கரைக் காலனிக்கு மட்டும் கோடு இல்லை. கோடுகள் அதைத் தாண்டிக் குதித்துக்கொண்டு போகின்றன. அந்தக் காலனிக்கு அவர் வீட்டிலிருந்து யார் பெண் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள், அதையெல்லாம் யார் கேட்பது… காலையில் சிவசங்கரி கேட்டாள். சித்தூர்ப் பெண், வானிலைத் திட்டத்து ஆபீசர், கையில் டேப்லெட்டோடு சுறுசுறுப்பாய் ஓடிக்கொண்டிருப்பவள். “அண்ணா, ஒக்க ஊரு மிஸ்ஸிங். பன்னண்டு ஊரு நம்பரும் குடுத்துட்டீங்கன்னா சிஸ்டம்ல ஏத்திடுவேன், மழை அளவு தாண்டுனா ரெண்டு ஸ்டேட்டுக்கும் மெசேஜ் தன்னால போயிடும். தாழங்கரைக்கு யாரு?” என்றாள். அந்த ஊர்ல என்கிட்ட நம்பர் இல்லம்மா என்றார். பொய்யா அது? பொய்யில்லை, பேர் போட்ட நம்பர் இல்லை. சரி, பேர் போடாத நம்பர்?… கோட்டுக்காரர் இன்னொரு படத்தைத் திரையில் போட்டார், தணிகாசலத்துக்கு உயிர் வந்தது.

வலப்பக்கத்து நாற்காலிக்காரி மட்டும் திரையைப் பார்க்கவில்லை, காதுக்கருவியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு டீ இடைவேளையில் கொடுத்த பிஸ்கட்டைக் காகிதத்தில் பொதிந்துகொண்டிருந்தாள். ஐம்பது வயசிருக்கும், இடதுகாலை நீட்டியபடியே வைத்திருக்கிறாள், மடங்கவில்லை போலிருக்கிறது. காலையில் பயனாளிகள் என்று ஜீப்பில் ஏற்றிவந்த கூட்டத்தில் இறங்கினவள். “இன்னாண்ணா இது, மார்கழிக் குளுரா கீது,” என்று அவளேதான் பேச்சைத் தொடங்கினாள், “நீ எந்த ஊரு?” மேலண்ட, டேம் பக்கம் என்று சொல்லி வைத்தார். நீங்க? “தாழங்கரைக் காலனி. என் பேரு வெங்கடம்மா.” எழுந்து வேறு நாற்காலிக்குப் போய்விடலாமா என்று தோன்றியது, பேண்ட் இடுப்பில் பிடிக்கிறது, போகவில்லை. அவளுக்குப் பேச ஆள் கிடைத்த சந்தோஷம். “மேடையில ஒரு ஷட்டர் சாரு வருவாராமே, போன் பண்ணி ஊரையெல்லாம் காப்பாத்துனவரு. அவரப் பாக்கத்தாண்ணா வந்தேன். எங்க ஊட்டுக்காரு போவவே வேணாம்னாரு, நான்தான் அடம்புடிச்சி வந்துகினேன்.” எதுக்கும்மா அவரைப் பார்க்கணும் என்று தணிகாசலத்தின் வாய் கேட்டது, மனசு கேட்காதே கேட்காதே என்றது. “மன்னாப்பு கேக்கத்தான். அந்த மவராசன் எங்களுக்குந்தான பண்ணியிருப்பாரு? எடுக்க நாதியில்லாம பூட்ச்சி! எங்க ஊர்ல டேம் ஆளுங்க கிட்ட நம்பர் கீறது எங்க ஊட்டுக்காரு ஒருத்தரோடதுதான், அங்கதான கூலிக்குப் போறாரு. அன்னிக்கின்னு பாத்து அந்தாளு போன்ல சார்ஜ் இல்லியாம். சார்ஜ் இல்லாத போனை சட்டப்பையில வெச்சிக்கினு குந்திகினு கீறாரு, ரெண்டு கறவை மாடு, கண்ணெதிர்ல பூட்ச்சிண்ணா, கவுத்த அவுக்கப்போயி எனக்குக் காலும் பூட்ச்சி.”

ஐயோ. அவள் சொல்லிக்கொண்டே போனாள், இவருக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அன்றிலிருந்து அந்த மனுஷனோடு முகம் கொடுத்துப் பேச்சில்லையாம். “சோத்தைப் போட்டு மூடி வெச்சிட்டுப் பூடுவேன், அவரா எடுத்துத் துன்னுட்டுப் போவாரு. எட்டு மாசம் ஆவுது. ஊர்லயும் அவரைத்தான் ஏசிக்கினு கீறாங்க, எங்களோட நாலு ஊட்டு மாடும் பூட்ச்சே. ஒரு வார்த்த எதுத்துப் பேசமாட்டாரு, ஆமா என் தப்புதான்னு தலைய குனிஞ்சிக்குவாரு.” முனிசாமியா உன் வீட்டுக்காரர் என்று தணிகாசலம் கேட்கவில்லை, கேட்க என்ன இருக்கிறது. பத்து வருஷமாய் வருகிறான், செடி வெட்ட, கிரீஸ் போட, கைப்பிடி சுற்ற. தாழங்கரையான் என்று தெரியாதா அவருக்கு? தெரியும், நன்றாகத் தெரியும். ஆனால் அன்று மூணு மணிக்கு ஊர் ஊராய் நினைத்துக்கொண்டு வந்தபோது அவன் ஓர் ஊர்க்காரனாய் ஞாபகத்துக்கு வரவில்லை, கூலிக்கு வருகிற ஆளாய், அதுவும் தொந்தரவாய்… கரைமேல் நின்று டேய் முனிசாமி என்று ஒரு குரல் கொடுத்தால் வருகிறவனுக்கு எதற்கு நம்பர் என்று இருந்துவிட்டார், அவன்தான் கூப்பிடுவான், இவர் ஒருநாள் கூப்பிட்டது கிடையாது. வெட்கக்கேடு. இந்தப் பொம்பிளை வேறு இவரிடமே மன்னிப்புக் கேட்க வந்து உட்கார்ந்திருக்கிறாள், இவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே. பேசாமல் மேடைக்குப் போய் நாலு வார்த்தை சொல்லிவிட்டு, இவள் மன்னிப்புக் கேட்டால் பரவாயில்லம்மா என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும், இவளுக்கும் மனசு ஆறும், இவருக்கும் சால்வை நிற்கும். யாருக்கு நஷ்டம்? போன மாடு வரப்போகிறதா? சார்ஜ் இல்லாத போனுக்கு ஷட்டர்காரன் என்ன செய்வான்…

சார்ஜ் இல்லாத போன். சார்ஜ் இல்லாத போனிலிருந்து மூணு மணிக்கு நாலு ஏழு நாலு எப்படி இரண்டு தடவை வந்தது? வந்ததே, கட் செய்தது இந்தக் கட்டைவிரல்தானே. அவன் போன் உயிரோடுதான் இருந்திருக்கிறது. அன்று கூலி கேட்கவா கூப்பிட்டான், மழையைப் பார்த்துவிட்டு ஷட்டர் திறக்கப்போகிறார்களா என்று கேட்கத்தான் கூப்பிட்டானோ? ஒருதரம் எடுத்திருந்தால் அரை நிமிஷம்… எடுக்கவில்லை. எடுக்காததும் அவனுக்குத் தெரியும், அப்புறமும் இங்கிருந்து ஒரு கால் போகவில்லை என்பதும் தெரியும், மறுநாள் பேப்பரில் பதினொரு ஊர் என்று போட்டதும் தெரிந்திருக்கும். தெரிந்தே சார்ஜ் இல்லை என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறான், ஊரிடம் சொல்லியிருக்கிறான். எட்டு மாசம் மூடிவைத்த சோற்றைத் தின்றுகொண்டு அணைக்கு வந்து, இன்னா வேல சார் என்று சிரித்த முகமாய்க் கேட்டுக்கொண்டு, ஒருநாள்… ஒருநாளாவது ஏன் சார் எடுக்கல என்று கேட்டிருக்கக் கூடாதா அவன்? கேட்டிருந்தால் அவனுக்கு மறுநாள் வேலை வைத்திருப்பாரா இவர்? வைத்திருப்பேன் என்று உடனே சொல்லிக்கொண்டார், சொன்ன வேகத்தில் அவருக்கே அதில் நம்பிக்கை வரவில்லை.

கோட்டுக்காரர் முடித்துக் கைதட்டல் எழுந்தது. சிவசங்கரி குனிந்தபடி வரிசைக்குள் நுழைந்து வந்தாள். “அண்ணா, அடுத்தது நீங்கதான். அந்த தாழங்கரை நம்பர் மட்டும், யாருனாச்சும் நெனப்புக்கு வந்தாங்களா?” பக்கத்திலேயே அந்த ஊர்க்காரி உட்கார்ந்திருக்கிறாளே, அவளைக் கேட்டுக்கொள் என்று கை காட்டியிருக்கலாம், கையும் பாதி தூக்கிவிட்டது. பிறகு அதே கையால் போனை எடுத்தார், மேலேயே இருந்தது, நேற்று சாயங்காலத்துக் கால், பேரில்லாமல். எழுதிக்கம்மா என்று ஒவ்வொரு எண்ணாய்ப் படித்தார், கடைசியில் நாலு… ஏழு… நாலு. வெங்கடம்மா பிஸ்கட் பொட்டலத்தோடு திரும்பினாள். “அது எங்க ஊட்டுக்காரு நம்பராச்சே, உங்கையில எப்பிடிண்ணா?” அவள் கண் அவர் முகத்துக்குப் போயிற்று, சட்டையில் குத்தியிருந்த பேர் அட்டைக்குப் போயிற்று, மறுபடி முகத்துக்கு வந்தது. “நான்தாம்மா ஷட்டர்காரன்,” என்றார் தணிகாசலம். “உங்க ஊருக்கு நான் போனே பண்ணல. அன்னிக்கி மூணு மணிக்கு அவருதான் எனக்குப் பண்ணாரு, ரெண்டு தபா. நான் கட் பண்ணிட்டேன். அவரு போன்ல சார்ஜ் இருந்துச்சு.” திட்டுவாள் என்று காத்திருந்தார், திட்டினால் நன்றாயிருக்கும், வாங்கிக்கொண்டு போய்விடலாம். அவள் திட்டவில்லை. நீட்டிய காலைக் கையால் பிடித்துக்கொண்டு, அவரை அல்ல, யாரையோ கேட்கிற மாதிரி, “அப்பறம் இன்னாத்துக்கு அந்தாளு இல்லன்னு சொன்னாரு?” என்றாள்.

மைக்கில் அவர் பேரைச் சொன்னார்கள், ஊரையும் சேர்த்து, தப்பும் தவறுமாய். எழுந்தார், எட்டாய் மடித்த தாள் மடியிலிருந்து விழுந்தது, எடுக்கவில்லை, அதில் எல்லா ஊர்களுக்கும் என்றுதான் எழுதியிருக்கிறது. மேடைக்கு நாலு படி. நேற்று சாயங்காலம் முனிசாமி கூப்பிட்டானே, நாளைக்கு வேல கீதா சார் என்று. நாளைக்கு நான் இல்லடா, திருப்பதியில எனக்கு மரியாதை பண்றாங்க, பெரிய மீட்டிங்கு என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே. “சந்தோசம் சார்,” என்றான் அவன். எப்படிச் சொன்னான் அதை? கேலியா? பயமா? இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டானா? பத்து வருஷமாய்க் கேட்ட குரல், அதில் எது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் உற்றுக் கேட்டதில்லை என்பது மைக்கைக் கையில் வாங்கியபோதுதான் அவருக்குத் தெரிந்தது. கீழே வெங்கடம்மா இத்தனை நேரம் மடியில் கிடந்த காதுக்கருவியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.