கணக்கில் வராத ஆறு பருந்துகள்

பள்ளி மாவட்ட அலுவலகத்துக்கு எங்கள் கடை பாக்கி வைத்தது பதினாறு டாலர் எண்பது சென்ட். சீருடைச் சட்டையில் பள்ளியின் பருந்துச் சின்னத்தைத் தைத்து விற்றால், சட்டை ஒன்றுக்கு இரண்டு டாலர் எண்பது சென்ட் உரிமத்தொகை. ஆறு சட்டைக்குக் கட்டவில்லை.

கடைக்காரி டார்லீனுக்கு அது தெரியாது. தைத்தவன் நான்.

எந்தச் சின்னம் எத்தனை முறை ஓடியது என்று எம்பிராய்டரி மெஷினுக்குள் எண் ஏறிக்கொண்டே இருக்கும். மாவட்டத்திலிருந்து தணிக்கைக்கு வந்த வெனிடா ப்ரூயிட் அதைப் பார்த்தார். மெஷினில் 2146, கடைக் கணக்கில் விற்றதும் பாழானதும் சேர்த்து 2140. பாழான சட்டைகளைச் சின்னத்தின் குறுக்கே வெட்டிச் சாக்கில் போட்டு வைக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாக்கையும் எண்ணி முடித்துவிட்டார், அதிலும் அந்த ஆறு இல்லை. ஆறு சட்டை எங்கே என்று சொல்லாவிட்டால் திருட்டு விற்பனை, லைசென்ஸ் ரத்து. பருந்து போனால் கடையே போச்சு. எங்கள் நாலு பேர் சம்பளமும் ஆகஸ்ட் மாதச் சீருடையில்தான் வருகிறது.

நூல் அலமாரிக்கு அடியிலிருந்த பெட்டியை இழுத்து மேசையில் வைத்தேன்.

"விக்கலைங்க. என் மக நோயேலியாவுக்குத் தெச்சது."

டார்லீன் என்னைப் பார்த்தாள். "என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டேனா, ஃபிலெமோன்?"

கேட்டால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். நோயேலியா படித்தபோது சின்னம் போட்ட சட்டைக்கு அவ்வளவு காசு கொடுக்க எனக்கு மனசு வரவில்லை. சந்தையில் வெள்ளைச் சட்டை வாங்கி, அப்போது வேலை பார்த்த இடத்து மெஷினில் நானே பருந்தைத் தைத்துக் கொடுத்தேன். பருந்து வலப்பக்கம் பார்த்தது. பள்ளியின் பருந்து இடப்பக்கம் பார்க்கும். ஒரு வருஷம் முழுக்க அதைத்தான் போட்டுக்கொண்டு போனாள். மற்ற பிள்ளைகள் சிரித்தார்களாம்; என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. பதினேழு வயதில் அமரில்லோ நகரத்துக்குப் போனாள். அதன்பின் போனும் இல்லை. இந்தக் கடையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு ஆகஸ்டிலும் ஒன்று, சரியாகப் பார்க்கிற பருந்து. முதல் இரண்டும் சின்ன அளவு. பிறகு உடம்பு போட்டிருப்பாளோ என்று நடு அளவில் தைத்தேன்.

வெனிடா மேலே இருந்ததைப் பிரித்துப் பார்த்தார். மாதிரிச் சட்டை என்று எழுதிவிடலாம், அதற்குத் தொகை கிடையாது, ஆனால் மாதிரி அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும் என்றார். இரண்டு மடங்கு கட்டிவிடுகிறேன், சட்டையை விட்டுவிடுங்கள் என்றேன்.

"காசு வாங்கினா அது மறைச்சு வித்த சட்டையாயிடும். லைசென்ஸ் போயிடும். காசு வேணாம்."

டார்லீன் பக்கம் திரும்பினேன். தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன்.

அடியில் இருந்த ஆறாவது சட்டையைத் தூக்கிப் பிடித்து வெனிடா சிரித்தார். "மூணு வயசுப் புள்ள ஹைஸ்கூல்ல வந்து என்ன பண்ணும்?"

"பேத்தி இருக்குன்னு யாரோ சொன்னாங்க. பாத்ததில்ல."

அவர் சிரிப்பு நின்றது. அந்த அளவே பள்ளிப் பட்டியலில் கிடையாது, மாதிரியாகவும் எடுக்க முடியாது என்றார். தாளை எடுத்தார்.

"பாழானதுன்னு எழுதிக்கறேன். சட்டைய வெட்ட வேணாம். சின்னத்த மட்டும் பிரிச்சுடுங்க."

தைக்க ஏழு நிமிஷம் ஆன பருந்தைப் பிரிக்க ஒரு மணி நேரம் ஆனது. உள்பக்கமிருந்து பிளேடால் ஒவ்வோர் இழையாக அறுத்தேன். டார்லீன் அவருக்குக் காபியும் கொலாச்சி பன்னும் வைத்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. கடைசி இழையை உருவியதும் துணியில் பருந்து வடிவத்தில் ஊசித் துளைகள் நின்றன. இஸ்திரி போட்டுப் பார்த்தேன். சில மூடின, மற்றவை மூடவில்லை.

ஐந்து சட்டையும் அவர் காருக்குப் போயின; ஆறாவது என்னிடமே நின்றது. தாளில் மாதிரி ஐந்து, பாழானது ஒன்று, பாக்கி இல்லை என்று எழுதி, டார்லீன் கையெழுத்துக்குக் கீழே என்னையும் போடச் சொன்னார். போட்டேன்.