கண்ணாடி அலமாரியில் ஆறு வாரம்

ஆய்வகத்தில் இயக்குநருக்கு எல்லோரும் வைத்திருந்த பெயர் 'பீடம்'. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்வரை சாதாரண மனிதர்தான். எழுந்து பேசத் தொடங்கினால் காலடியில் எங்கிருந்தோ பீடம் முளைத்துவிடும்.

கிருமிகளைக் கொல்லும் பெப்டைடு, அதாவது புரதத்தின் சின்னத் துண்டு, திடீரென்று சாதுவாகிவிட்டது. தட்டில் கிருமிகள் கும்மாளம் போட்டுக்கொண்டிருந்தன. துண்டைத் தயாரித்தவள் ஒப்பந்த ஆராய்ச்சியாளர். மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்க வேண்டியவர் பீடம்.

"கையாண்டதில் தவறுன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. விஷயம் அதோட போகட்டும்."

விஷயத்தோடு தானும் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். "நாளைக்குத் தரேன் சார்" என்றாள்.

துண்டு இருந்த புட்டியைத் திறந்து பார்த்த டெக்னீஷியன், "என்ன மேடம், வெள்ளையா இருந்தது டீத்தூள் கணக்கா ஆயிடுச்சு?" என்றார்.

மூலக்கூறின் எடை பார்க்கும் கருவியில் போட்டாள். ஒவ்வொரு துண்டும் முன்பைவிட நூற்று அறுபத்திரண்டு அலகு கூடியிருந்தது. சில, அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு குளுக்கோஸ் வந்து ஒட்டி, ஒரு நீர் மூலக்கூறு கழன்றுபோனால் சரியாக அவ்வளவுதான் கூடும்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. உலர்த்தும்போது துண்டு சிதையாமலிருக்க ஒட்டாத ரகச் சர்க்கரை ஒன்றைச் சேர்ப்பார்கள். இதை உலர்த்திய அன்று அது தீர்ந்துபோயிருந்தது. "சர்க்கரைன்னா சர்க்கரைதானேம்மா!" என்று பீடம், மேடையேறுமுன் தான் கரைத்துக் குடிக்கும் குளுக்கோஸ் டப்பாவை எடுத்து நீட்டினார். பிறகு புட்டியைத் தன் அறைக் கண்ணாடி அலமாரியில், வருகிறவர்கள் வியக்கட்டும் என்று சுடும் விளக்கின் கீழ் ஆறு வாரம் வைத்திருந்தார்.

"கிருமியோட தோலைப் புடிக்கிறதுக்கு இதுக்குக் கை மாதிரி ஒரு இடம் இருக்குண்ணே. அதுல சர்க்கரை போய் உட்கார்ந்துக்கிச்சு. இனி எதைப் புடிக்கும்?" என்று டெக்னீஷியனிடம் சொன்னாள்.

"எனக்கு எடுக்கறாங்களே, மூணு மாச சுகர் டெஸ்ட்டு..."

"அதுவும் இதேதான். ரத்தத்துல இருக்கிற புரதத்துல ஒட்டுறது."

"அதான் பாருங்க! முந்தின நாள் பட்டினி கிடந்தும் மாட்டிக்கிட்டேன்."

அவள் சிரிக்கவில்லை. யார் பக்கத்தில் எவ்வளவு காலம் கிடந்தோம் என்பதைத் துண்டு தன் உடம்பிலேயே எழுதி வைத்திருந்தது. பீடத்தின் அருகில் அவளும் மூன்று வருடம் கிடந்தவள். 'ஆமாம் சார்' என்பது எப்போது ஒட்டியது என்று அவளுக்கே ஞாபகமில்லை. 'கையாண்டதில்' என்று நோட்டில் பாதி எழுதியிருந்த வரியை அடித்தாள்.

நடந்ததை நடந்தபடி எழுதினாள். இயக்குநர் கொடுத்த குளுக்கோஸ். இயக்குநர் அறை. ஆறு வாரம். கிருமியைக் கொல்லும் திறன் போயிற்று. மறுபடி சோதித்ததில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் திறன் மட்டும் இரண்டரை மடங்கு கூடியிருந்தது, அதையும் எழுதினாள். மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

பீடம் இரண்டு முறை படித்தார். 'இரண்டரை மடங்கு' வந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டார்.

"கண்டுபிடிப்பும்மா இது! இன்னும் ரெண்டு வருஷம் இதைத்தான் பண்றே."

நீட்டிப்பில் அங்கேயே கையெழுத்துப் போட்டார். அறிக்கையிலும் போட்டார், ஒரே ஒரு திருத்தத்தோடு. 'இயக்குநர் கொடுத்த குளுக்கோஸ்' என்பதை அடித்து, 'இயக்குநர் தாமே தேர்ந்தெடுத்து வழங்கிய குளுக்கோஸ்' என்று எழுதினார்.

அவள் வழக்கம்போல் "ஆமாம் சார்" என்றாள். முதல் முறையாக அது முழு உண்மையாக இருந்தது.