மாயக்காளின் கொசுறு

சிம்மக்கல் காப்பித்தூள் கிட்டங்கியில் பொட்டலம் கட்ட வருமுன் மாயக்காள் அலங்காநல்லூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்றவள். நிறுத்த பிறகு கொசுறு போடாமல் அவள் கை எதையும் கட்டாது. சீட்டில் அரை ராத்தல் என்று அச்சடித்திருக்கும். முதலாளி கொடுத்த எடைக்கல்லோ அடியில் அராவி எடை குறைக்கப்பட்டது. அது தெரிந்துதான் பொட்டலத்துக்கு ஒரு கரண்டி கூடப் போட்டாள்.

ஒருநாள் சர்க்கார் அதிகாரி சொந்தத் தராசோடு வந்தார். முன்வரிசையில் நான்கை எடுத்து நிறுத்தார். நான்கும் அவள் கட்டியவை. எடை சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கூடப் போட்டது வெளிப்பட்டுவிட்டது, தன் வேலை போயிற்று என்றே மாயக்காள் நினைத்தாள். முதலாளி சிரித்தார்.

"ஏத்தா, நீ கட்டுறதை மட்டும் முன்னால அடுக்கு. மத்ததெல்லாம் பின்னால கிடக்கட்டும். கொசுறை விட்றாத."

அவளுக்கு நெஞ்சு எரிந்தது. இந்தத் திருட்டுக்கு இத்தனை நாள் தன் கையா காவல் நின்றது? மறுநாளிலிருந்து அவளும் கொசுறு போடாமல் அந்தக் கல்லுக்கு நிறுத்தே கட்டினாள். அதிகாரி வரட்டும், பிடிபடட்டும் என்று முன்வரிசையில் அடுக்கினாள்.

அதிகாரி அப்புறம் வரவேயில்லை. முன்வரிசை தினமும் விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள், எடை குறையாது என்று நம்பி மாயக்காள் கட்டியதாகவே பார்த்துக் கேட்டு வாங்கினார்கள்.