இருபத்தைந்து ராத்தல் ரத்தம்

பிலடெல்பியாவில் ஒரு மருத்துவப் பேராசிரியர் கண்ணை மூடினால், அவருடைய மாணவர்களில் ஒருவன் வாழ்க்கை வரலாறு எழுதுவான். அச்சுக்குக் கொடுக்கும் முன் அதை விதவைக்கு வாசித்துக் காட்டுவான். அவள் கைக்குட்டையை நனைத்துத் தலையாட்ட வேண்டும். அவ்வளவுதான் மரியாதை. டாக்டர் ஜோதாம் பெல்ஃபரின் மனைவி தாபிதாவுக்குத் தலையாட்டும் பழக்கம் குறைவு.

வாசித்துக்கொண்டிருந்தவர் எனோக் வாரிங். கணவரின் பழைய மாணவர், இப்போது அவர் பதவியில் இருக்கும் பேராசிரியர்.

"இந்தப் புத்தகத்துல இருக்கற மனுஷனை நான் கட்டியிருந்தா நல்லா வாழ்ந்திருப்பேன். என் வீட்டுல இருந்தவர் குறட்டை விடுவார், கோழிக்கால் முழுசும் அவருக்கே வேணும்பார்" என்றாள்.

எனோக் சிரித்துவிட்டு மஞ்சள் காய்ச்சல் அத்தியாயத்துக்கு வந்தார். ஊரே வண்டி கட்டி ஓடியபோது டாக்டர் ஓடவில்லை. காய்ச்சலுக்கு நரம்பைக் கீறி ரத்தம் வடிப்பதுதான் அன்றைய வைத்தியம். உடம்பில் இருபத்தைந்து ராத்தல் ரத்தம் உண்டு, அதில் பெரும்பகுதியை அஞ்சாமல் எடுக்கலாம் என்று கற்பித்தார். சொந்த மகள் லெட்டிஸுக்கும் அதே வைத்தியத்தைச் செய்தார். இறைவன் சித்தம் வேறாக இருந்தது.

"அங்க நிறுத்து" என்றாள் தாபிதா. "இறைவனை இழுக்காதே. அந்தக் கணக்கு தப்பு, எனோக். உடம்புல அதுல பாதிகூட இல்ல."

"யாரும்மா சொன்னது?"

"அவரேதான். லெட்டிஸுக்கு மூணாவது கிண்ணம் பிடிச்சப்பவே அவ உதடு வெளுத்துப்போச்சு. அவர் கணக்குப்படி பாதிக்கு மேல மிச்சம் இருக்கணும். அவளைப் புதைச்ச வாரம், 'நானே வடிச்சுட்டேன் தாபிதா'ன்னு என் மடியில விழுந்து அழுதார். வெளியில சொன்னா, வைத்தியம் பார்த்த வீட்டுக்கெல்லாம் பதில் சொல்லணும்னார். நானும் வாயை மூடிக்கிட்டேன். புருஷன் மானம். இப்போ அவர் போயிட்டார். உண்மையை எழுது. உன்கிட்ட படிக்கற பையன்களுக்கு இன்னும் அதே கணக்கைத்தானே சொல்லிக்கொடுக்கற?"

எனோக் கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார்.

"இது எத்தனை வருஷம் முன்னாடி?"

"பதினெட்டு."

"போன மார்ச்ல என் ஜோயலுக்குக் காய்ச்சல்" என்றார். "ஒன்பது வயசு. நான்தான் ரத்தம் எடுத்தேன். நாலு தடவை. அவன் 'போதும்ப்பா'ன்னான். இன்னும் நிறைய இருக்குடா கண்ணுன்னு சொன்னேன்."

தாபிதா அந்தப் பையனின் அடக்கத்துக்குப் போயிருந்தாள். எனோக்கின் மனைவியைக் கட்டிக்கொண்டு, ஆண்டவர் கொடுத்தார், ஆண்டவர் எடுத்தார் என்று ஆறுதல் சொல்லிவிட்டு வந்தவள் அவள். தன் மகளைப் பறிகொடுத்த தாய், இன்னொரு தாய்க்கு அதே கதி வரும்வரை பத்தினி வேஷம் போட்டிருந்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா" என்றார் எனோக். குரலில் கோபம்கூட இல்லை.

"சொல்லியிருக்கணும்."

அவள் மைக்கூட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"எழுது. அவருக்கு எப்போ தெரியும்னு எழுது. பதினெட்டு வருஷம் மறைச்சது யாருன்னு என் பேர் போட்டு எழுது."

எனோக் எழுதினார். அவள் பெயர் வரை கை ஓடியது. அடுத்த வரியில் ஜோயல் என்று எழுதத் தொடங்கியவர் பாதியில் பேனாவை வைத்துவிட்டு, அவள் எதிரிலேயே குழந்தை போல அழுதார். எழுந்து போய் அவர் தோளைத் தொடும் உரிமை தனக்கு இல்லை என்று தாபிதா தன் நாற்காலியிலேயே இருந்தாள்.