ஏழரை மணி வசனங்கள்

மின்மீட்டர் பார்ப்பவர் காலையில் தன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் சொன்ன ஒரு வாக்கியம், அன்று மாலை ஏழரை மணித் தொடரில் ஒரு சொல் மாறாமல் வந்தது. "இந்த வீட்ல கேக்காம கிடைக்கறது உப்பு மட்டும்தான்" என்பது அந்த வாக்கியம். காலையில் அதை அவர் மனைவியிடம் சொன்னார். மாலையில் தொடரின் மூத்த அண்ணன், உயிலைத் திருத்திய கையோடு, தம்பி மனைவியிடம் சொன்னான். செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த மீட்டர்காரர் தாளைத் தாழ்த்திப் பார்ப்பதற்குள் விளம்பரம் வந்துவிட்டது.

தொடருக்கு ஒரு பெயர் இருந்தது, ஆனால் யாரும் அதைச் சொல்வதில்லை. 'ஏழரை' என்றால் எல்லோருக்கும் புரியும். அது பத்தாவது வருடமாக ஓடிக்கொண்டிருந்தது. அந்த அரைமணி நேரம் பேருந்துகள் காலியாகப் போயின. பல் மருத்துவரிடம் சீட்டுக் கொடுக்கும் வேலையிலிருந்த மீட்டர்காரரின் மனைவி, பல்வலிக்காரர்கள் தங்கள் வலியை எட்டு மணிக்கு மேல் தள்ளிவைப்பதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். முதல் ஆறு வருடம் அது மற்றத் தொடர்களைப் போலத்தான் இருந்தது, ஏழாம் வருடத்தில்தான் அதற்கு உயிர் வந்தது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள். அதில் ஆட்கள் பேசுவது போலவே எல்லா வீட்டிலும் பேசுகிறார்கள் என்பதுதான் அதன் பெருமை. ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை.

மீட்டர்காரருக்குச் சந்தேகம் குணமல்ல, உத்தியோகம். இருபத்தெட்டு வருடமாக வீடு வீடாகப் போய் முத்திரையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, சுவரில் காது வைத்து, கம்பி எங்கே திருட்டுத்தனமாகக் கிளை பிரிகிறது என்று கண்டுபிடிப்பவர். அந்த உத்தியோகம் மாலையில் அவரோடு வீட்டுக்கும் வந்தது. தொலைபேசியில் யார் யாரைக் கூப்பிட்டார்கள் என்று பார்ப்பார். குப்பைக்கூடையில் கிழிந்த காகிதம் கிடந்தால் ஒட்டவைத்துப் படிப்பார். மகள் வீட்டில் இல்லாததற்கும் அதுதான் காரணம். மருந்துக் கிடங்கில் வேலை பார்த்த பெண், ஒரு கோடைக்காலத்தில் தினமும் ஐம்பது நிமிடம் தாமதமாக வந்தாள். மீட்டர்காரர் பதினோரு நாள் பின்தொடர்ந்து போய் நோட்டில் குறித்துக்கொண்டார். 'மாலை 5.40: கிடங்கிலிருந்து வெளியே. 6.50: வீட்டில். தலை ஈரம். காரணம் தெரியவில்லை.' அவள் நகராட்சிக் குளத்தில் நீச்சல் கற்றுக்கொண்டிருந்தாள். பேனா தேடப்போன இடத்தில் நோட்டின் அந்தப் பக்கம் அவள் கண்ணில் பட்டது.

"அப்பா, நான் என்ன மீட்டரா?" என்று மட்டும் கேட்டாள். மறுநாள் ஒரு பையோடு போய்விட்டாள். போகும்போது அம்மாவிடம், "எங்க இருக்கேன்னு உன்கிட்டகூடச் சொல்லமாட்டேன். உன் மூஞ்சியைப் பார்த்தே படிச்சிடுவாரு" என்றாள். இது நடந்தது தொடரின் ஏழாம் வருடத்தில். மூன்று வருடமாக ஒரு கடிதம் இல்லை, ஒரு அழைப்பு இல்லை.

உப்பு வாக்கியம் வந்த மறுநாளிலிருந்து மீட்டர்காரர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுத் தொடரைப் பார்த்தார். தன் வீட்டில் பேசியது வந்தால் நோட்டில் டிக் அடித்தார். மற்ற வசனங்களுக்கு எதிரே 'நம்முடையதல்ல' என்று எழுதினார். ஒரு மாதத்தில் பக்கத்துக்கு ஏழெட்டு டிக் விழுந்தது. யாரோ திருடுகிறார்கள். கம்பி எங்கே கிளை பிரிகிறது என்பதுதான் கேள்வி. தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகைக் கழற்றினார், தூசி இருந்தது. தன் வீட்டு மீட்டர்ப் பெட்டியின் கதவைத் திறந்து பார்த்தார், முத்திரை கன்னி கழியாமல் இருந்தது. ஆனால் ஏழரை முதல் எட்டு வரை அதன் சக்கரம் பின்னோக்கிச் சுழன்றது. நேர்மையான ஊழியர் என்பதால் அதையும் எழுதி அலுவலகத்தில் கொடுத்தார். அலுவலகம் 'பார்க்கப்பட்டது' என்று கையெழுத்துப் போட்டுத் திருப்பியது.

அடுத்து ஆட்களைச் சோதித்தார். வீட்டில் மனைவியைத் தவிர அவள் தம்பியும் இருந்தான். விளம்பரம் போடும்போது மட்டும் கூடத்துக்கு வந்து எல்லாவற்றையும் தின்றுவிட்டுப் போவதால் அவனுக்கு 'விளம்பரம்' என்றே பெயர். மனைவியிடம் தனியாக, "ஒட்டகம் முட்டை போடாதுன்னு எங்க மேலதிகாரிக்கு இன்னும் தெரியாது" என்றார். விளம்பரத்திடம் தனியாக, "சைக்கிளுக்கு மூணாவது சக்கரம் எங்கடா கிடைக்கும்?" என்றார். மூன்றாவதை யாரிடமும் சொல்லவில்லை. குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு, வாளிக்குள் தலையை விட்டு, "என் இடது செருப்புக்கு என்னைப் பிடிக்கலை" என்றார்.

அன்று மாலை மூன்றும் வந்தன. ஒட்டகத்தை நீதிபதி சொன்னார். சைக்கிளைக் காவலர் கேட்டார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்த வீட்டுப் பெரியவள் கண்ணைத் திறந்து, "என் இடது செருப்புக்கு என்னைப் பிடிக்கலை" என்று சொல்லி உயிரை விட்டாள். தெருவே அழுதது. அந்த ஒரு வாக்கியத்தில் ஒரு வாழ்க்கையே இருக்கிறது என்று தையல் கடையில் இரண்டு நாள் பேசினார்கள்.

மனைவியும் இல்லை, விளம்பரமும் இல்லை, வாளிக்குக் காது இல்லை. ஆக, வீடே ஒழுகுகிறது என்ற முடிவுக்கு மீட்டர்காரர் வந்தார். ஒழுகும் இணைப்பு எதுவானாலும் அதற்குச் செய்யவேண்டியது ஒன்றுதான். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒரு தாள் ஒட்டினார். இனி வீட்டில் அவசியமான வாக்கியங்கள் மட்டும். தண்ணீர், சாவி, எரிவாயு, காய்ச்சல், நேரம்.

"மாமா, தும்மலாமா?" என்றான் விளம்பரம்.

"தும்மலாம். சத்தமா வேணாம்."

மனைவி தாளை மேலிருந்து கீழே இரண்டு முறை படித்தாள். "வேலை செய்யும்போது நான் தனியா ஏதாவது முணுமுணுப்பேனே, அதுவும் கூடாதா?" என்று கேட்டாள். "அதுதான் முக்கியமா கூடாது" என்றார். அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. பயம் என்று அவர் குறித்துக்கொண்டார், எதற்குப் பயம் என்று எழுத இடம் விட்டிருந்தார். அவள் ஏதோ மறைக்கிறாள் என்பதில் மட்டும் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஏழரையின் சரிவு அந்த வாரமே தொடங்கியது. முதலிரவு அறையில் மாப்பிள்ளை பெண்ணின் முகத்தை நிமிர்த்தி, "டேங்க் நிறைஞ்சிடுச்சு, மோட்டாரை நிறுத்து" என்றான். எட்டு வருடம் நடந்த வழக்கில் நீதிபதி தீர்ப்பை வாசிக்க எழுந்து, "சாவி ஆணியில தொங்குது" என்று சொல்லி உட்கார்ந்தார். தொடரின் ஜீவன் என்று எல்லோரும் கொண்டாடிய சின்ன மருமகள் இரண்டு வாரம் ஆளில்லாத அறையைப் பார்த்து, "ஏன் பேசமாட்டேங்கறே? உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு நான்கு பகுதி முழுக்க வாயே திறக்காமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அதற்கப்புறம் கதையில் அவளை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஊர் முழுக்கச் சந்தேகம் பரவியது. வீடு வீடாகப் போகிறவர் என்பதால் மீட்டர்காரர் அத்தனையையும் கேட்டார். எழுத்தாளர் செத்துவிட்டார், அவருடைய கார் ஓட்டுநர்தான் எழுதுகிறார் என்றார் மருந்துக்கடைக்காரர். நடிகர்களுக்குச் சோறு போடுவதில்லை, அதனால் பழி வாங்குகிறார்கள் என்றாள் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. மூன்றாம் தெருவில் ஒரு பெண் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு, "சார், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. அவங்க நல்லாத்தான் எழுதி அனுப்பறாங்க, உங்க கரண்ட்ல வர்ற வழியில கெட்டுப்போகுதோ?" என்று கேட்டாள். மீட்டர்காரர் எண்ணைத் தப்பாக எழுதி, அடித்து, திருத்தினார். இருபத்தெட்டு வருடத்தில் அது முதல் அடித்தல். இவளுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது என்று அன்று முழுக்க நினைத்தார்.

பத்து மாதம் இப்படி இழுத்து, வருகிற வெள்ளிக்கிழமையோடு தொடர் முடிகிறது என்று ஒரு திங்கட்கிழமை அறிவித்தார்கள். பலர் நிம்மதி என்றார்கள். அறிவிப்பைக் கேட்ட மனைவி எழுந்து தொலைக்காட்சியை அணைத்தாள், குளிர்சாதனப் பெட்டித் தாளைக் கிழித்தாள், மீட்டர்காரரின் நோட்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"நம்ம வீட்டு வசனத்துக்கெல்லாம் டிக் போட்டீங்களே, மத்ததை யார் பேசினாங்கன்னு ஒருநாளாவது யோசிச்சீங்களா?"

"அது நம்முடையதல்ல."

"படிங்க."

அவர் படித்தார். பெரும்பாலும் சின்ன மருமகள் பேசியவை. 'இந்தத் தடவையும் இருமல் நின்னுடுச்சு, நீ கேக்கறதுக்கு முன்னாடியே நின்னுடுச்சு.' அந்தத் தொடரில் யாருக்கும் இருமல் இருந்ததில்லை. 'பக்கத்து அறைப் பொண்ணு குறட்டை விடறா, மத்தபடி நல்லவ.' கதையில் பக்கத்து அறையே கிடையாது. 'மாமா இன்னும் விளம்பரத்துக்குத்தான் வர்றானா?' அந்தப் பக்கத்தில் மீட்டர்காரரின் விரல் நின்றது.

மனைவி சொன்னாள். மகள் போன மூன்றாம் மாதம், அடுப்படியில் தனக்குத்தானே, "இருமல் வந்தா சுடுதண்ணி குடிடி" என்று சொன்னாள். அது மாலையில் தொடரில் வந்தது. இரண்டு நாளில் பதில் வந்தது. அதிலிருந்து மூன்று வருடம், காலையில் அடுப்பைப் பார்த்து அவள் பேசினாள், மாலையில் திரையைப் பார்த்துக் கேட்டாள். ஊரெல்லாம் கொண்டாடிய தொடர் பெரும்பாலும் அதுதான்.

"அப்ப ரெண்டு வாரமா எம்பொண்ணு என்கிட்ட ஏன் பேசலைன்னு கேட்டுக்கிட்டிருந்தா. நீங்க சாவி ஆணியில தொங்குதுன்னு பதில் அனுப்பினீங்க."

மீட்டர்காரர் நோட்டை மூடினார். பிறகு, தன் பழக்கத்தின்படி, "என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று கேட்டார். கேட்டதுமே பதில் அவருக்குத் தெரிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது நான்கு நாள். அதில் மூன்று நாளை மீட்டர்காரர் வரைவு எழுதுவதில் செலவழித்தார். 'மேற்படி பொருள் தொடர்பாகத் தங்கள் மனவருத்தம் எனது கவனத்துக்கு வந்துள்ளது' என்று தொடங்கியது அது. மனைவி வெள்ளிக்கிழமை காலை அதை வாங்கிப் பார்த்தாள்.

"இது என்ன, இணைப்பைத் துண்டிக்கற நோட்டீஸா? வாயால சொல்லுங்க."

"யாரைப் பார்த்துச் சொல்றது?"

"அடுப்பைப் பார்த்து. நான் அப்படித்தான் சொன்னேன்."

மீட்டர்காரர் அடுப்பின் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். விளம்பரம்கூடத் தின்பதை நிறுத்திவிட்டு வாசலில் வந்து நின்றான்.

"நீ நீச்சல் கத்துக்கறேன்னு ஏழாம் நாளே தெரிஞ்சுபோச்சும்மா. அதுக்கப்புறமும் நாலு நாள் வந்தேன். கம்பி வேலிக்கு வெளிய நின்னேன். பாதி சந்தேகம். பாதி, நீ நீந்தறதைப் பாக்க. அதை எப்படி எழுதறதுன்னு தெரியலை. நேரத்தை மட்டும் எழுதினேன். தப்பு என்னோடது."

அந்த இரண்டாவது பாதி மனைவிக்கும் புதிது. அவள் அவரைக் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கடைசிப் பகுதியில் மூத்த அண்ணனைக் கைது செய்தார்கள். பதினோரு வருடம் பிரம்மச்சாரியாக இருந்து உயில் திருத்தியவன் அவன். வண்டியில் ஏறும்போது திரும்பி நின்று, கதையில் இல்லாத ஒரு மகளிடம், கதையில் இல்லாத ஒரு குளத்தைப் பற்றி, மேலே சொன்ன அத்தனையையும் சொன்னான். 'தப்பு என்னோடது' என்றதோடு பெயர்கள் ஓடத் தொடங்கின.

இதைவிட மட்டமான முடிவை ஊர் பார்த்ததில்லை. கதைக்கும் அதற்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று சந்தைக்காரர்கள் கேட்டார்கள். தலைமையாசிரியை தொலைக்காட்சி நிலையத்துக்கு எட்டுப் பக்கம் எழுதினாள். மறுநாள் மருந்துக்கடைக்காரர், "அந்தக் கடைசி வசனம் எழுதினவன் மட்டும் கையில கிடைச்சான்..." என்று பல்லைக் கடித்தபோது, மீட்டர்காரர் எண்ணைக் குறித்துக்கொண்டே, "ஆமா, எழுதத் தெரியாதவன்தான்" என்றார்.

மகளிடமிருந்து பதில் வர வழி இல்லை. சின்ன மருமகள் வெளிநாட்டில் இருந்தாள், தொடரே முடிந்துவிட்டது. ஏழரை மணிக்கு நிலையத்தார் வானிலை அறிக்கையை நீட்டிப் போட்டு நேரத்தை நிரப்பினார்கள். ஊரில் வேறு யாரும் பார்க்காத அதை மீட்டர்காரரும் மனைவியும் பத்து நாள் உட்கார்ந்து பார்த்தார்கள். போய்ச் சேர்ந்ததா, வழியிலேயே கசிந்துவிட்டதா என்று அவர் தினமும் மீட்டரை எட்டிப் பார்த்தார். சக்கரம் முன்னோக்கியே சுழன்றது.

பதினோராம் நாள் அது பின்னோக்கிச் சுழன்றது. வானிலை வாசிக்கும் பெண் நீளக் குச்சியை வரைபடத்தில் ஒரு கடலோர ஊரின் மேல் வைத்து, "இங்கு ஞாயிறன்று லேசான மழைக்கு வாய்ப்பு உள்ளது. முதுகு நீச்சல் மட்டும் இன்னும் சரியா வரலை. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்கு வந்தா பாக்கலாம். வேலிக்கு வெளிய நிக்கவேணாம், வாசல் வழியா வாங்க. காற்றின் வேகம் மணிக்குப் பதினைந்து கிலோமீட்டராக இருக்கும்" என்றாள். குச்சி அந்த ஊரின் மேலேயே ஒரு நிமிடம் நின்றது. பிறகு மலைப்பகுதிகளுக்குப் போனது.

மனைவி ஞாயிறு விடிகாலை ரயிலுக்கு இரண்டு சீட்டு எடுக்கச் சொன்னாள். பையில் அவள் குடையை வைத்தபோது, எதற்கு என்று மீட்டர்காரர் கேட்டார். "அதான் சொன்னாளே" என்றாள் அவள். மழை விஷயத்தில் மட்டும் அவருக்குச் சந்தேகம் இருந்தது.